ஆறு மாதத்துக்கு எத்தனை வாரம்?

தெகல்சாரி, பாலி
வெள்ளிக்கிழமை, பன்றிக்குத் தீனி வைத்த பிறகு

அன்பு மகன் சுதார்சாவுக்கும், மருமகள் லீஸ்பெத்துக்கும், இன்னும் முறைப்படி பெயர் சூட்டாத என் பேத்திக்கும் அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அம்மா, கொட்டிலில் பன்றி, கூடையில் சேவல் எல்லாரும் சுகம். என் மானம் ஒன்றுதான் கப்பலேறிவிட்டது, அது உங்கள் ஹாலந்துக் கரையில் எங்காவது வந்து இறங்கினால் பிடித்துவை, நீங்கள் வரும்போது கையோடு கொண்டுவரலாம். விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நம் ஊர்ப் பஞ்சார் சபைக் கூட்டத்தில், அறுபது குடும்பத்தின் எதிரில், புதுத் தலைப்பாகை கட்டிக்கொண்டு, காதில் செம்பருத்தி செருகிக்கொண்டு, உன் அப்பன் எழுந்து நின்று சொந்தப் பேத்தி பிறந்து முதன்முதலாக மண் மிதிக்கும் நாளைத் தப்பாக அறிவித்தான். அதுவும் சாதாரணத் தப்பு இல்லை, நான்கு வாரத் தப்பு. இந்த மாதம் ஊருக்கெல்லாம் வீடு வீடாகப் போய் நாள் சொல்லும் முறை யாருடையது என்று கேட்காதே. நம்முடையதுதான். ஊருக்கே நாள் சொல்கிறவனுக்குத் தன் வீட்டு நாள் தெரியவில்லை என்று இப்போது தெருநாய் கூட என்னைப் பார்த்தால் ஒரு மாதிரி வாலாட்டுகிறது.

இந்தக் கூத்து எப்படி வந்தது என்று முதலிலிருந்து சொல்கிறேன், லீஸ்பெத்துக்கு மெதுவாக மொழிபெயர்த்துச் சொல், என்னைத் திட்டியிருக்கிற இடங்களை மட்டும் விட்டுவிடு. பேத்தி பிறந்த அன்றைக்குத் தொலைபேசிக் கடைக்காரர் ஆள் அனுப்பினார் அல்லவா, கையெல்லாம் தவிடோடு ஓடினேன். நீ அந்தப் பக்கம் அழுகிறாயா சிரிக்கிறாயா என்றே தெரியவில்லை. “அப்பா, பெண் குழந்தைப்பா, புதன்கிழமை நாலு மணிக்குப் பொறந்துச்சு, அம்மாகிட்ட சொல்லு, ரெண்டு பேரும் நல்லாயிருக்காங்க, இங்க கும்மிருட்டு, பனி கொட்டுது, மருத்துவச்சி அவங்க வீட்டுக்குத் திரும்பிப் போக சைக்கிள் லைட்டுக்கு பேட்டரி கேக்கறாங்க” என்று ஒரே மூச்சில் கொட்டினாய். நான் “இங்க வெயில் மண்டையைப் பொளக்குது, நீ எங்கேருந்துடா இருட்டுங்கறே” என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே இணைப்பு போய்விட்டது. நான் சும்மா இருப்பேனா? வழியெல்லாம் கூவிக்கொண்டே வந்தேன், எனக்குப் பேத்தி பிறந்துவிட்டாள், ஹாலந்தில் நடுப்பகலில் கும்மிருட்டாம் என்று. படையல் கட்டித் தருகிற ரிந்தியின் அம்மா இன்றைக்கும் என்னைப் பார்த்தால், “பாவம், அந்த ஊர்ல மத்தியானச் சோத்தையே விளக்கு வெச்சுக்கிட்டுத்தான் சாப்பிடுவாங்களா?” என்று கேட்கிறாள். ஆமாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன், வந்ததும் நீயும் அப்படியே சொல்லு. அன்றைக்கே சுவரில் தொங்கும் நாட்காட்டியில் புதன், உமானிஸ் சந்தை நாள் என்று போட்டிருந்த கட்டத்தைச் சுற்றி என் விரல் தடிமனுக்குச் சிவப்பு வட்டம் போட்டேன். வட்டம் இன்னும் காயவில்லை என்பதுபோல உன் அம்மா தினமும் அதைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறாள்.

பிறகு நீ கடிதம் போட்டாய். லீஸ்பெத் வேலை செய்கிற நூலகத்தில் விடுமுறை எந்த வாரத்தில் தொடங்குகிறது என்றுதான் எழுதித் தர வேண்டும், குழந்தை மண் மிதிப்பது பிறந்து எத்தனையாவது வாரம் என்று கேட்டிருந்தாய். உன் அம்மா ஓலை கிழித்தபடி, “ஆறு மாசம்னு எழுதிப் போடுங்க, அவனுக்குத் தெரியாதா” என்றாள். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் பதினெட்டு வருடம் சானூரில் விடுதி முன்மேசையில் உட்கார்ந்திருந்தவன் ஆயிற்றே, எத்தனை வெள்ளைக்காரர்களுக்கு விசா மாதத்தை வாரமாக மாற்றிக் கொடுத்திருப்பேன், மருமகளுக்குக் கொடுக்க மாட்டேனா? மாதத்துக்கு நாலு வாரமும் சொச்சமும், ஆறு மாதத்துக்கு இருபத்தாறு என்று விரல் கூட மடக்காமல் எழுதி, அடியில் இரண்டு கோடும் இழுத்தேன். அந்த இரண்டு கோட்டைத்தான் இப்போது நினைத்து நினைத்து வேர்க்கிறேன். மாதம் நம்முடையது, வாரக் கணக்கு அவர்களுடையது! ஒரு காலில் ரப்பர் செருப்பும் ஒரு காலில் மரச்செருப்பும் போட்டுக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பியவன் கதை. நம் மாதம் என்ன, இந்தப் பக்கம் ஒரு நாள் அந்தப் பக்கம் ஒரு நாள் தொங்குகிற மாதமா? முப்பத்தைந்து நாள், ஐந்து வாரம், ஓரம் வெட்டித் தைத்தாற்போல் நிற்கும். ஆறு மாதத்துக்கு முப்பது வாரம். இதைச் சந்தையில் முருங்கைக்கீரை விற்கிற பெண் சொல்வாள், மூன்றாவது படிக்கிற பிள்ளை சொல்லும். நீ கூடக் கவனித்திருக்கலாம், உன்னைக் குறை சொல்லவில்லை, தூக்கமில்லாத தகப்பனுக்குத் தன் பெயரே தெரியாது, எனக்கு நீ பிறந்தபோது அப்படித்தான் இருந்தது.

இப்போது கூட்டத்துக்கு வருகிறேன். அதற்கு முந்தின இரண்டு நாளும் அறுபது வீட்டுக்கும் போய், சுதார்சா வருகிறான், மருமகள் வருகிறாள், இன்ன புதன்கிழமை மண் மிதிக்கும் விழா, எல்லாரும் வர வேண்டும், ஆண்கள் விடிகாலையிலேயே விருந்து லாவாருக்குக் கறி கொத்த வர வேண்டும் என்று சொல்லி முடித்திருந்தேன். கூட்டத்தில் அதையே இன்னொரு தடவை பெருமைக்காகச் சொன்னேன், சொன்னவன் உட்கார்ந்திருக்கலாம், “இது வெளிநாட்டுக் கணக்குக்கு மாத்தி நானே போட்ட நாள்” என்று ஒரு வால் வேறு சேர்த்தேன். மண்டபத்து ஓரத்தில் பெண்கள் உட்கார்ந்து ஓலை பின்னிக்கொண்டிருந்தார்கள். ரிந்தியின் அம்மா தலையை நிமிர்த்தவில்லை, குரலை மட்டும் நிமிர்த்தினாள். “சுதார்சா அப்பா, ஒரு சின்ன சந்தேகம். உங்க பேத்தி பொறந்தது புதன், உமானிஸ் சந்தை அன்னைக்கு. நான் வாத்து முட்டை வித்துட்டு வர்றப்பதானே நீங்க ரோட்டுல கத்திக்கிட்டு ஓடினீங்க. இப்ப நீங்க சொல்ற புதன்ல வர்றது ‘போன்’ங்கற சந்தை நாளில்ல? ஏழு நாள் வாரம் ஒழுங்கா வந்து சேந்துடுச்சு, அஞ்சு நாள் சந்தை வாரம் ரெண்டு நாள் தாண்டிப் போயிடுச்சே, அந்த ரெண்டு நாளை என் வாத்து முழுங்கிடுச்சா?” என்றாள். மண்டபம் முழுக்க விரல் மடக்குகிற சத்தம் கேட்டது, சத்தியமாகக் கேட்டது. கிழமையும் சந்தை நாளும் ரெண்டும் திரும்பி வந்து கைகோத்தால்தான் பிறந்த நாள் என்பது எனக்கு மட்டும் தெரியாதா என்ன? நான் என்ன சொன்னேன் தெரியுமா, சொல்ல வெட்கமாக இருக்கிறது, “ஹாலந்துல சந்தை வாரம் கிடையாது” என்று சொன்னேன். அவள் விடுவாளா? “அதனால? குழந்தை என்ன சீஸ் கட்டியா, அங்க எந்தச் சந்தையில வித்தாங்கன்னு பாக்க?” என்றாள். சிரித்த சிரிப்பில் கூட்டத் தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். உன் அம்மாவும் சிரித்தாள். முதலில் சிரித்தவளே அவள்தான்.

மறுநாள் விடிந்ததும் அதே அறுபது வீட்டுக்கும் திரும்பிப் போய், அந்தப் புதன் இல்லை, அதற்கு நான்கு வாரம் கழித்து வருகிற புதன் என்று மாற்றிச் சொல்லும்படி ஆகிவிட்டது. முதல் சுற்றில் தண்ணீர் கூடக் கொடுக்காதவர்கள் எல்லாம் இந்தத் தடவை உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார்கள், பரிதாபத்தில் இல்லை, கதையை என் வாயாலேயே கேட்க வேண்டுமாம். காப்பி என்றால் நம் காப்பி, அடியில் பாதிக் கோப்பைக்கு மண்டி. பதினாறாவது வீட்டில் கதையை இரண்டு மடங்கு வேகத்தில் சொன்னேன், இருபதாவது வீட்டில் கண்ணிமை தனியாக ஆட ஆரம்பித்தது. ஒருவன், “அடுத்த கூட்டம் எப்போ, நம்ம மாசமா ஹோட்டல் மாசமா?” என்றான். இன்னொருவன் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், குரலைத் தாழ்த்தி, “என் மாமியார் ஒரு மாசம் தங்கறேன்னு வந்திருக்காங்க. முப்பது நாளா, முப்பத்தஞ்சான்னு நீங்க நைசா கேட்டுச் சொல்லணும், அஞ்சு நாளுங்கறது எனக்குப் பெரிய விஷயம்” என்றான். கேட்டேன். முப்பத்தைந்தாம். அவன் இன்னும் என்னோடு பேசவில்லை. உன் அம்மாவுக்கோ ஒரே கொண்டாட்டம். நான் சனிக்கிழமை கோழி கூவுவதற்கு முன்னால் பிறந்தவன் என்பது உனக்குத் தெரியும், சூரியன் எழுந்தால்தானே நம் நாள் மாறும், ஆக நான் வெள்ளிக்கிழமைக்காரன். வெள்ளிக்கிழமைக்காரனுக்குக் கை குட்டை வாய் நீளம் என்பது முப்பது வருடமாக உன் அம்மாவின் கட்சி. அதற்கு இப்போது ஊரே சாட்சி சொல்கிறது.

சிரித்தது போதும், இனி சிரிக்க முடியாத இடத்துக்கு வருகிறேன். நீங்கள் நான் எழுதிய இருபத்தாறை நம்பி, அந்தப் புதனுக்கு மூன்று நாள் முன்னால் ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்குகிற மாதிரிச் சீட்டு வாங்கிவிட்டீர்கள். லீஸ்பெத்துக்குக் கிடைத்தது ஒரு மாத விடுமுறை, அதாவது அவர்கள் மாதம், முப்பது நாள். நீங்கள் வந்து இறங்குகிற ஞாயிறிலிருந்து நாட்காட்டியில் விரல் வைத்து நகர்த்திக்கொண்டே போனேன். நான்கு வாரமும் இரண்டு நாளும். செவ்வாய் இரவு நீங்கள் விமானம் ஏறுகிறீர்கள். முப்பதாவது வாரம் நிறைகிற நாள் மறுநாள், புதன். ஒரே ஒரு ராத்திரி, சுதார்சா! லீஸ்பெத்தின் மாதம் நம் மாதமாக இருந்திருந்தால் இந்தக் கடிதமே வேண்டியிருக்காது, இன்னும் ஐந்து நாள் கையில் இருந்திருக்கும். ஊரெல்லாம் லாவாருக்குக் கறி கொத்திக்கொண்டிருக்கும்போது என் பேத்தி எங்கோ மேகத்துக்கு மேலே, மண்ணுக்கு எத்தனையோ உயரத்தில், பால் குடித்துக்கொண்டு போவாள். மூன்று மாத விழாவுக்கும் நீங்கள் வர முடியவில்லை, பனி என்றாய், வேலை என்றாய், சரி, இரண்டையும் இந்த நாளிலேயே சேர்த்துச் செய்துவிடலாம் என்று பூசாரி ஜெரோ மங்குவும் ஒப்புக்கொண்டார். இதையும் விட்டால் அடுத்த தடவை இந்தக் கிழமையும் இந்தச் சந்தை நாளும் கைகோத்து வர இன்னும் முப்பது வாரம். அப்போது நீங்கள் வர முடியாது, எனக்குத் தெரியும். அதற்குள் அவள் உங்கள் மூன்றாம் மாடி வீட்டில் மரத்தரையில் நடக்கப் பழகிவிடுவாள்.

உன் அம்மா கூட்டத்தில் சிரித்தாள் என்று எழுதினேன் அல்லவா, வீட்டுக்கு வந்து இந்தச் செவ்வாய் விஷயத்தை நான் விரல் வைத்துக் காட்டியதும் சிரிப்பு நின்றது. என்னை அவள் ‘ப்லி’ என்று இழுத்துக் கூப்பிட்டால் ஏதோ வேலை வைக்கப் போகிறாள், ‘நெங்கா முத்ரா’ என்று முழுப் பெயரும் சொல்லிக் கூப்பிட்டால் வம்பு, இரண்டும் இல்லாமல் சும்மா இருந்தால் நான் பன்றிக் கொட்டிலில் படுத்துக்கொள்வது நல்லது. அன்றைக்கு இரண்டும் இல்லை. விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வீட்டுக்கோயிலுக்கு முன்னால் போய், நீ முதன்முதலில் கால் பதித்த இடம் இருக்கிறதே, சம்பங்கி மரத்துக்குக் கிழக்கே, அந்த ஒரு பாய் அளவு இடத்தைப் பெருக்க ஆரம்பித்தாள். இரண்டு மாதமாக, நம் மாதம்தான், அந்த இடத்தில் ஒரு கல் கிடக்க விட்டதில்லை, கோழியை விரட்டுகிறாள், என்னைக் கூடச் சுற்றிப் போகச் சொல்கிறாள். குழந்தை வராவிட்டால் அவள் சட்டையை வைத்துப் படையல் போட்டுவிடலாம், ஊரில் இல்லாதவர்களுக்கு அப்படிச் செய்வதுதானே என்று நான் மெல்லச் சொன்னேன். “சட்டைக்குக் காலு இருக்கா?” என்று கேட்டாள். அப்புறம் நானும் போய் ஓரத்தில் முளைத்த புல்லைப் பிடுங்கினேன்.

சும்மா இருக்கிறவனா நான், நாளைத் தள்ள முடியாவிட்டால் இழுக்க முடியுமா என்று பார்க்க ஜெரோ மங்குவிடம் போனேன். போகிற வழியில் ஒரு பிரமாதமான வாதம் தோன்றியது. ஹாலந்துக் கடிகாரமும் நம் கடிகாரமும் ஒன்றில்லையே, அங்கே ஒரு கிழமை இருக்கும்போது இங்கே வேறு கிழமை, ஆகவே அவர்கள் புதனை நம் செவ்வாய்க்கு நகர்த்திவிடலாம் என்று கை காலெல்லாம் ஆட்டி விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நெங்கா, அவங்க நமக்கு முன்னாடி போறாங்களா, பின்னாடி வர்றாங்களா?” என்றார். பின்னால்தான் வருகிறார்கள் என்று யோசித்துச் சொன்னேன். “அப்ப உன் கணக்குப்படி நகர்த்தினா வியாழனுக்குல்ல போகுது, இன்னும் ஒரு ராத்திரி உன் பேத்தியை நீயே அதிகமா பறக்க வெக்கறே” என்றார். அவருக்கே என்மேல் இரக்கம் வந்து ஒரு வாழைப்பழம் கொடுத்தார். பிறகு சொன்னார், “நாளைக் கடிகாரம் பாத்து வெக்கறதில்லைப்பா. குழந்தை பொறந்தப்ப அது தலைக்கு மேல எந்தச் சூரியன் இருந்துச்சோ, அந்தச் சூரியனோட நாள்தான். அது ஹாலந்துச் சூரியனா இருந்தா என்ன, நம்ம சூரியனா இருந்தா என்ன.” அழகாகச் சொன்னார், ஆனால் எனக்கு அதில் ஒரு பிரயோசனமும் தெரியவில்லை, பழத்தைத் தின்றுவிட்டு வந்துவிட்டேன்.

ஆகவே கேட்கிறேன், கேட்க எனக்கு முகமில்லை, ஆனாலும் கேட்கிறேன். அந்தச் செவ்வாய் விமானத்தைப் புதன் இரவுக்கு மாற்ற ஏதாவது வழி உண்டா? ஒரு மாதத்துக்கு மேல் ஒரு நாள் கூட நீட்ட மாட்டோம் என்று நூலகத்தில் கறாராகச் சொல்லிவிட்டதாகவும் சீட்டை மாற்ற முடியாது என்றும் நீ எழுதியது நினைவிருக்கிறது. நானே வேண்டுமானால் நோயாளியாக ஆகிறேன், எந்த நோய் என்று லீஸ்பெத்தையே தேர்ந்தெடுக்கச் சொல், அவள் படித்தவள், ஹாலந்தில் மரியாதையான நோய் எது என்று அவளுக்குத் தெரியும். அல்லது அவள் மேலதிகாரிக்கு நானே ஒரு கடிதம் எழுதுகிறேன், ஆறு மாதத்துக்கு எத்தனை வாரம் என்று தெரியாத ஒரு மடையனுக்காக ஒரு நாள் மன்னித்துவிடுங்கள் என்று. முடியவில்லை என்றாலும் லீஸ்பெத்தைக் கடிந்துகொள்ளாதே, குற்றம் முழுக்க இந்தப் பக்கத்துடையது. அவள் குழந்தையின் வயதை வாரத்தில் சொல்வதைக் கேட்டு ஆரம்பத்தில் நான் சிரித்தேன், இப்போது சிரிக்கவில்லை. “பதினாறு வாரம், ஏழரைக் கிலோ” என்று நீ எழுதியதை உன் அம்மா உடனே மூணு மாசமும் ஒரு வாரமும் என்று மாற்றிக்கொண்டு, தெருவுக்குப் போய்ச் சொல்லிவிட்டும் வந்தாள். பன்றிக்குட்டி கூட அவ்வளவு வேகமாக எடை போடாது என்று ரிந்தியின் அம்மா மெச்சினாள். சடங்கில் பேத்தியை உட்கார வைத்து மேலே கவிழ்ப்பதற்காக நான் முடைந்து வைத்திருந்த கோழிக்கூடையை ஒரு பூசணிக்காய்மேல் கவிழ்த்துப் பார்த்தேன், பற்றாது என்று தெரிந்து பிரித்துவிட்டு மறுபடி முடைகிறேன். இந்தத் தடவை என் தலையில் கவிழ்த்து அளவு பார்த்தேன். உன் அம்மா அதை அப்படியே விட்டுவிடலாம் என்றாள்.

நாளை மறுநாள் ஞாயிறிலிருந்து சரியாக ஐந்து வாரத்தில் வருகிறீர்கள், அதாவது நம் கணக்கில் பிசிறில்லாமல் ஒரு மாதம், இதையாவது நான் சரியாகச் சொல்லிவிட்டேன். வரும்போது சிங்கப்பூரில் இறங்கி ஏறுவீர்கள், அங்கே கால் வலிக்கிறது என்று குழந்தையைத் தரையில் இறக்கிவிடாதே, கம்பளமாக இருந்தாலும் வேண்டாம், நீயும் லீஸ்பெத்தும் மாற்றி மாற்றித் தூக்குங்கள். பின்னாளில் யாராவது அவளிடம் முதலில் எந்த மண்ணை மிதித்தாய் என்று கேட்டால் சிங்கப்பூர்க் கம்பளம் என்றா சொல்வாள்? லீஸ்பெத்தின் அம்மா கேட்டிருந்தாரே, என்ன கொண்டுவரட்டும் என்று, கம்பளிக் காலுறை வேண்டாம், சீஸும் வேண்டாம், போன தடவை கொடுத்தனுப்பிய சீஸைப் பக்கத்து வீட்டுக்காரர் சோப்பு என்று எண்ணி இரண்டு நாள் குளித்திருக்கிறார், நுரை வரவில்லை என்று என்னிடம்தான் குறைப்பட்டுக்கொண்டார். லீஸ்பெத்தின் அம்மாவிடம் நான் நலம் விசாரித்ததாக மட்டும் சொல். நீ குளிரில் தலைக்குக் குல்லாய் போடாமல் சைக்கிளில் போகிறாய் என்று லீஸ்பெத் எழுதியிருந்தாள், ஒரு பிள்ளைக்குத் தகப்பன், குல்லாய் போடு.

உங்கள் மூவரையும் நம் வீட்டுக்கோயில் தெய்வங்களும், அந்தத் தேசத்து இருட்டைக் காக்கிற தெய்வங்களும் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். பேத்தியின் இரண்டு உள்ளங்காலிலும் எனக்காக ஒவ்வொரு முத்தம், அம்மாவுக்காகவும் ஒவ்வொன்று, கலந்துவிடாதே, தனித்தனியாகக் கொடு. மறக்காமல் பதில் போடு, விமான விஷயம் ஆனாலும் ஆகாவிட்டாலும். முடியும் என்றால் தொலைபேசிக் கடைக்குக் கூப்பிட்டுப் ‘புதன்’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிடு, நிமிஷக் காசு மிச்சம், நான் புரிந்துகொள்வேன்.

எண்ணத் தெரியாத, ஆனால் உன்மேல் பாசம் குறையாத உன் அப்பா,
நெங்கா முத்ரா

பின்குறிப்பு: உறையை ஒட்ட அரிசிப் பசை எடுக்கப் போனேன். உன் அம்மா கடிதத்தை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தாள், சீஸ் சோப்புக்குக் கூடச் சிரிக்கவில்லை. முடித்ததும், “அந்தப் போன்ல அவன் சொன்ன இடத்தை இன்னொரு தடவை படிங்க” என்றாள். படித்தேன். “நாலு மணின்னா சாயங்காலமா, விடிகாலையா?” என்றாள். அவன் பேசினபோது நமக்கே உச்சிவெயில், அவர்களோ நமக்குப் பின்னால் வருகிறவர்கள், அப்புறம் எப்படிச் சாயங்காலம் ஆகும், விடிகாலைதான் என்றேன். “கும்மிருட்டுன்னானே?” என்றாள். ஆமாம், அதைத்தானே நான் ஊரெல்லாம் சொன்னேன் என்றேன். “அப்ப அவ தலைக்கு மேல எந்தச் சூரியன் இருந்துச்சு?” என்றாள். நான் பசைக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். சூரியனே இல்லை, சுதார்சா. அங்கே புதன் விடியவே இல்லை, என்னைப் போலவே அவளும் முந்தின நாள்காரி, செவ்வாய்க்காரி, உமானிஸுக்கு முந்தின க்லிவோன் சந்தை நாள்காரி. முப்பது வாரம் நிறைவது நீங்கள் கிளம்புகிற அதே செவ்வாய், காலையில் அவள் மண் மிதிக்கலாம், விமானம் இரவில்தானே. எதையும் மாற்ற வேண்டாம், நூலகத்தில் யாரையும் கேட்க வேண்டாம், நான் எந்த நோயிலும் படுக்க வேண்டாம். உன் அம்மா என்னை ‘ப்லி’ என்று இழுத்துக் கூப்பிட்டுக்கொண்டே வாசலில் நிற்கிறாள், கையில் என் புதுத் தலைப்பாகை. அறுபது வீட்டிலும் இன்னும் புதன்கிழமை என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.